கூரை முகட்டில் ஒரு வல்லூறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் மாவட்டத்து வயல்களுக்கு நடுவே ஓடும் கிளைச்சாலைகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கார்கள் ஊர்ந்து போவதுண்டு. சிலர் பறவை தேடி வருகிறார்கள், சிலர் பழைய களஞ்சியங்களைப் படம் பிடிக்க வருகிறார்கள். முதல் வகையினருக்குக் கட்டடம் ஓர் இடைஞ்சல். இரண்டாம் வகையினர் கூரைமேல் தெரியும் பறவையைத் தூசியாக நினைத்து அழித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே ரசனை என்பதுதான் என் கட்சி. களஞ்சியம் ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று புரிந்துகொண்டவருக்குப் பறவையை எங்கே தேடுவது என்பதும் பிடிபடும்.

இந்த வட்டாரக் களஞ்சியம் தானியம் கொட்டிவைக்கும் அறை மட்டுமல்ல. சரிவான மேட்டில் பொருத்திக் கட்டிய இரண்டடுக்குக் கட்டடம் அது. மேட்டுப் பக்கமாக வைக்கோல் வண்டி நேரே மேல்தளத்துக்குள் போகும். பள்ளத்துப் பக்கம் கீழ்த்தளத்தில் மாடுகளும் குதிரைகளும் நிற்கும். மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். பெரும்பாலும் தெற்கு அல்லது கிழக்கு பார்த்து. அந்த அட்சரேகையில் டிசம்பர் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 27 பாகைக்குமேல் எழாது. அதனால் குளிர்கால வெயில் நீட்சிக்கு அடியில் புகுந்து தொழுவத்துக் கதவுவரை போகிறது, கோடையில் அதே நீட்சி வெயிலைத் தடுக்கிறது. பனி படிந்த முற்றம் ஒளியைக் கீழிருந்து மேலே எறியும்போது, மற்றப் பருவங்களில் இருண்டு கிடக்கும் அந்த அடிப்பகுதியின் உத்தரங்களும் கல்வரிசையும் துலங்குகின்றன. இலையுதிர்ந்த மரங்களும் மறைப்பதில்லை. களஞ்சியத்தைக் குளிர்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். இன்னும் நெருங்கிப் பார்த்தால் சுவரிலும் ஒரு கலை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் களஞ்சியங்கள் சிலவற்றில், காற்றோட்டத்துக்காக ஆங்காங்கே செங்கல்லை விட்டுவிட்டு, அந்தத் துளைகளையே கோதுமைக் கதிராகவும் வைரமாகவும் அமைத்திருக்கிறார்கள். முக்கோணச் சுவரின் உச்சியில் சில இடங்களில் ஆந்தை நுழையவென்றே ஒரு துளை வெட்டியிருப்பார்கள். எலி பிடிக்க வரும் கூகைக்கான வாசல் அது. பறவையை மனத்தில் வைத்துக் கட்டிய சுவரைப் பறவையை மறந்து படமெடுப்பது அரைகுறை வேலை.

பனியில் சிவப்புக் களஞ்சியம் நாட்காட்டிப் படமாகத் தேய்ந்துபோனதல்லவா என்று கேட்கலாம். தேய்ந்தது பார்வைதான். அமெரிக்க ஓவியரும் புகைப்படக்காரருமான சார்ல்ஸ் ஷீலர் 1917 வாக்கில் இதே மாநிலத்தின் பக்ஸ் மாவட்டத்தில் எடுத்த வெள்ளைக் களஞ்சியப் படத்தில் சுவர் ஒன்றே சட்டகத்தை நிரப்புகிறது. பலகைகளின் செங்குத்துக் கோடுகளையும் சுண்ணப்பூச்சின் சொரசொரப்பையும் தவிர அதில் கவர்ச்சி எதுவும் இல்லை. இன்றும் அது பழசாகவில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: இது சிதைவை ரசிக்கும் ஏக்கம், உழவனின் நஷ்டம் நமக்குக் காட்சியாகிறது என்பது. பல ஊர்களில் அது உண்மையும்கூட. வைக்கோலை உருளைக் கட்டுகளாக்கி பிளாஸ்டிக்கில் சுற்றி வெளியிலேயே போட்டுவிடலாம் என்றான பிறகு, அந்த உயரமான மேல்தளத்துக்கு வேலை போய்விட்டது. கூரை ஒழுகினால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் லங்காஸ்டரில், நவீன இயந்திரங்களைப் பெரிதும் தவிர்த்து வாழும் கிறித்துவப் பிரிவினரான ஆமிஷ் குடும்பங்கள் இன்றும் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பூட்டி உழுகின்றன. களஞ்சியம் அங்கே உழைத்துக்கொண்டிருக்கிறது. தொழுவத்து எருவைக் குளிர்காலத்தில் வயலில் இறைக்கிறார்கள். வெண்பனிமேல் கறுத்துக் கிடக்கும் அந்தப் பட்டைகளில்தான் கொம்பு வானம்பாடிகள் கூட்டமாக இறங்கி விதை பொறுக்குகின்றன. அவற்றோடு ஆர்க்டிக்கிலிருந்து வந்த ஸ்னோ பன்டிங் என்ற சிறு பறவைகளும் கலந்திருக்கும். களஞ்சியத்தின் அன்றாடம் நடக்கும் இடத்தில் பறவையும் இருக்கிறது. (ஆமிஷ் மக்கள் தங்கள் முகத்தைப் படமெடுப்பதை விரும்புவதில்லை. சாலையிலிருந்தே எடுப்பதும் ஆள் இல்லாத சுவரோடு நிறுத்திக்கொள்வதும் ரசனையின் ஒரு பகுதி.)

பறவைக்கு நீண்ட லென்ஸ், கட்டடத்துக்கு அகன்ற லென்ஸ், இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பார்கள் கைதேர்ந்தவர்கள். பறவை சட்டகத்தை நிறைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் போதும். கூரை முகட்டில் நகத்தளவு தெரியும் கெஸ்ட்ரல் வல்லூறு, அந்த முகட்டின் உயரத்தையும் கீழே உள்ள வெளியின் பரப்பையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. காரை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, ஜன்னல் விளிம்பில் கேமராவைச் சாய்த்துக் காத்திருந்தால் அது பறக்காமல் இருக்கக்கூடும். கதவைத் திறந்து இறங்கினால் போய்விடும். கேமராவின் ஒளி அளவி பனியைச் சாம்பலாக்கிவிடும் என்பதால் ஒளியை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டிவைப்பது நல்லது.

களஞ்சியத்தோடு அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி முடிவில் பக்கத்து மிடில் கிரீக் நீர்த்தேக்கத்தில் பனி வாத்துகள் இறங்கும். சில ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டும். வயல்களில் சிந்திய மக்காச்சோளம்தான் அவற்றுக்குத் தீனி. அந்தத் தீனியால் கூட்டம் பெருகியிருக்கிறது. கூகையின் கதை நேரெதிர். கட்டடம் நின்றிருந்தும் சுற்றியிருந்த புல்வெளிகள் போனதால் அது குறைந்துவிட்டது. அதன் உணவான புல்வெளி எலிகள் அங்கேதான் இருந்தன. மாநில வனவிலங்குத் துறை களஞ்சியங்களுக்குள் கூடுபெட்டி பொருத்துகிறது. பெட்டி வைக்குமுன் பக்கத்தில் புல்வெளி இருக்கிறதா என்று பார்க்கிறது. படமெடுப்பவரும் அதையே செய்யலாம்: சுவரை மட்டும் வெட்டியெடுக்காமல், உழுத நிலம் எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும் அளவுக்குப் பின்வாங்கி எடுக்கலாம்.