ஷ்மாவோனியனும் அஸ்தராரும்: ஒரு மதிப்பீடு

சென்னை மாநகரின் பழைய பகுதியில் ஆர்மீனியன் தெரு என்றொரு தெரு உண்டு. மக்கள் வாய்மொழியில் அது அரண்மனைக்காரன் தெரு என வழங்கும். ஆர்மீனியக்காரன் என்னும் அயற்பெயர் தமிழ்ச் செவிக்கு அரண்மனைக்காரன் ஆயிற்று. அங்கே அரண்மனையும் இல்லை, அரசனும் இல்லை. தாயகத்தில் ஆட்சியிழந்து, வாணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய ஒரு சிறு கூட்டத்தார் 1772இல் எழுப்பிய தேவாலயமே உண்டு. அக்கூட்டத்தாரின் மொழியில் உலகிலேயே முதன்முதலாக வெளிவந்த இதழ் ஆர்மீனிய மண்ணில் தோன்றவில்லை. தமிழகத்துச் சென்னையிலேதான் தோன்றிற்று. 1794ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்த அவ்விதழின் பெயர் 'அஸ்தரார்'. செய்தி அறிவிப்போன் என்று அதனைத் தமிழாக்கலாம்.

அதன் ஆசிரியர் ஹருத்யூன் ஷ்மாவோனியன் பாரசீகத்துச் சீராசு நகரில் 1750இல் பிறந்தவர், சமயகுரு. சென்னைக்கு வந்து ஆர்மீனியத் திருச்சபையில் பணியாற்றினார். தம் மைந்தர் இருவரையும் ஒரு வார காலத்துக்குள் சாவுக்குப் பறிகொடுத்த துயரம் அவர் வாழ்வில் நேர்ந்தது. அத்துயரில் உலகை வெறுத்து ஒதுங்கியிருந்த காலத்தும் அவர் பாரசீக மொழியை ஆழ்ந்து கற்றார் என்பது கருதத்தக்கது. 1789இல் சென்னையில் அச்சகம் நிறுவினார். பாரசீக, அரபு நூல்களை அச்சிட ஆர்க்காட்டு நவாபின் இசைவையும் பெற்றார்.

அவருக்கு முன்பே சென்னை ஆர்மீனியரிடையே எழுத்துலகில் ஒரு பெருங்கனவு முளைத்திருந்தது. சகாமிர் சகாமிரியன் என்னும் வணிகர் 1772இல் அமைத்த அச்சகத்திலிருந்து, அடிமைத் துயில் நீங்கி எழுமாறு இளைஞரை வற்புறுத்தும் நூலொன்று வெளிவந்தது. அது திருச்சபைத் தலைவரின் சினத்துக்கு இலக்காயிற்று. விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்குச் சட்டம் வகுத்த மற்றொரு நூலும் அதே அச்சகத்தின் ஆக்கமே. தாயகமோ துருக்கிய, பாரசீகப் பேரரசுகளிடையே பிளவுண்டு கிடந்தது. கனவு கண்டோர் வாழ்ந்ததோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி நகரில்.

இப்பின்னணியில் நோக்கினால் ஷ்மாவோனியன் தேர்ந்த வழி எளியதாகத் தோன்றும். அவர் சட்டம் வகுக்கவில்லை; திங்கள்தோறும் செய்தி தந்தார். கப்பல்களின் வருகை, பண்டங்களின் விலை, தொலைவில் வாழும் ஆர்மீனியரைப் பற்றிய சேதி, வாசகர் மடல், இனத்தின் பழைய வரலாறு ஆகிய யாவும் அஸ்தராரில் ஒருங்கே இடம்பெற்றன. பண்டைய எழுத்து வழக்கோடு மக்கள் வழக்கும் அதன் நடையில் கலந்தது. பதினெட்டு இதழ்கள் வெளிவந்தபின் 1796இல் அது நின்றது. சந்தா செலுத்தினோர் ஐம்பதின்மரைக்கூட எட்டவில்லை என்பர்.

இதனை மதிப்பிடுவோர் இரு திறத்தவர். முதல் இதழ் என்ற ஒன்றையே போற்றி அமைவோர் ஒரு சாரார். பதினெட்டு இதழோடு முடிந்த முயற்சிதானே என்று கடந்து செல்வோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நேரிய அளவுகோல் ஆகா. முதன்மை என்பது காலத்தின் கணக்கு. நீட்சி என்பது பணத்தின் கணக்கு. எழுத்தின் தகுதியை இவ்விரண்டும் காட்டா.

அஸ்தராரின் தகுதி அதன் சேர்க்கையில் உள்ளது. மிளகின் விலையை அறிய இதழைப் பிரித்த வணிகன், அடுத்த பக்கத்தில் தன் மூதாதையர் வரலாற்றைக் கண்டான். வரலாற்றை நாடியவன் எங்கோ வாழும் தன் இனத்தானின் இன்றைய நிலையை அறிந்தான். நிலத்தால் சிதறியவரை ஒரே தாளின்மேல் ஒன்று கூட்டுவது எளிய செயலன்று. பெருநூல் செய்யவியலாத பணியை இதழ் செய்யும் வகை இதுவே. குறையும் இல்லாமல் இல்லை. வணிகரை நம்பிய இதழ் வணிகர் எல்லையைத் தாண்டி வேரூன்றவில்லை. அவர்தம் ஆதரவு சுருங்கவே அதுவும் சுருங்கிற்று. ஆயினும் ஆசிரியர் அச்சுத் தொழிலைக் கைவிட்டாரல்லர். 1824இல் சென்னையிலேயே மறைந்து, அத்தேவாலயத்திலேயே அடக்கமானார்.

இதனை ஜொகூரில் இருந்துகொண்டு நாம் எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நாமும் கடல் கடந்து மொழியைச் சுமந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேச'னைத் தொடங்கினார். அதுவும் சில ஆண்டுகளே வாழ்ந்தது. ஆயினும் அதன் படிகள் காக்கப்பட்டமையால் அன்றோ, 1888இல் அவர் எழுதிய 'வினோத சம்பாஷணை'யை இந்நிலத்துத் தமிழ்ப் புனைகதையின் தொடக்கமாக ஆய்வாளர் எடுத்துக்காட்ட முடிந்தது? கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 1950களின் தொடக்கத்தில் நடத்திய கதை வகுப்பு, ஒரு தலைமுறை எழுத்தாளரை உருவாக்கிற்று. அந்நாளேடு 2019இல் நின்றுவிட்டது.

நம் இலக்கிய வரலாறுகள் நூல்களை எண்ணுகின்றன. இதழ்களை அடிக்குறிப்பில் ஒதுக்குகின்றன. கவிதையை வெட்டியெடுத்துத் தொகுத்து, அதனருகே இருந்த விலைப்பட்டியலையும் வாசகர் மடலையும் குப்பையில் இடுகின்றோம். எந்த மக்களிடையே, எந்தக் கவலைகளின் நடுவே அக்கவிதை பிறந்தது என்பதைப் பிறகு எங்கே சென்று தேடுவது? ஆசிரியப் பெருமக்கள் பழைய நாளேடு ஒன்றின் ஒரு பக்கத்தை முழுமையாக, விளம்பரம் உட்பட, வகுப்பில் பாடமாக வைத்தல் வேண்டும். மாணவர் தத்தம் இல்லங்களில் எஞ்சியுள்ள மலர்களையும் இதழ்களையும் பள்ளி நூலகத்துக்குக் கொணர்தல் வேண்டும்.

ஷ்மாவோனியனின் வாசகர் ஐம்பதின்மரை எட்டாவிடினும், அவர் அச்சிட்ட தாள்கள் எஞ்சின. ஆகவே இன்று ஆர்மீனிய இதழியலின் வரலாறு சென்னையிலிருந்து தொடங்குகிறது. நம் இதழ்களைப் படித்தோர் பல்லாயிரவர். தாள்களை மட்டும் நாம் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.