தயங்கிய காவலன்: சிலம்பும் ‘விசாரணை’யும்

மு. சந்திரகுமார் குண்டூரில் தாம் பட்ட காவற்கொடுமையை ‘லாக்கப்’ என்னும் நாவலாக்கினார். அதனைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ 2016இல் வெளிவந்தது. நாவல், உயிர்பிழைத்தவன் கூறும் சான்று. படத்தின் பிற்பகுதியோ சான்றினையே கொல்கிறது. குண்டூர் நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துரைத்துத் தொழிலாளரை விடுவித்த ஆய்வாளர் முத்துவேல், சென்னையில் காவலரின் ஊழலை அவர்கள் அறிந்துவிட்ட பின்னர் வாயடைத்துப் போகிறார். இறுதியில் தாமும் மாய்கிறார்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் காவலர் தயங்குகின்றனர். கோவலன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்பது அவர்தம் கருத்து. பொற்கொல்லன் அத்தயக்கத்தை எள்ளுகிறான். கள்ளுண்ட காவலன் ஒருவன் வாள் வீசுகிறான். ஆயினும் காப்பியம் அங்கே முடியவில்லை. கண்ணகியின் சிலம்பு அரசன்முன் சான்றாகிறது.

படம் காட்டும் இருள் பொய்யன்று. எனினும் அதுவே முழு உண்மையும் அன்று. தாமிரபரணிக்குத் தெற்கேயுள்ள சாத்தான்குளத்தில் 2020இல் தந்தையும் மகனும் காவலில் தாக்குண்டு இறந்தபோது, அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் நீதித்துறை நடுவரிடம் தாம் கண்டதை உரைத்தார். தயக்கம் சொல்லாக மாறும் அவ்விடத்தை இளங்கோவடிகளின் காவலரும் எய்தவில்லை. முத்துவேலும் இறுதியில் எய்தவில்லை. காப்பியம் அக்குறையைக் கண்ணகியால் நிறைத்தது. படம் நிறைக்காது விட்டது. இதுவே நாம் காணும் வேறுபாடு.