பட்டி பார்த்த பக்கம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். மூன்று கணினிகளிலும் விண்டோஸ் 7. அதில் ஓடக்கூடிய கடைசி குரோம் 109தான். 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றுபோனது. விழுப்புரம் பக்கத்து வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கும் அரசு மடிக்கணினிகள் பலவற்றுக்கும் இதே நிலைதான்.

அங்கே ஒரு பெண் தேர்வு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். மாவட்டப் பட்டியல் அகரவரிசையில் ஒழுங்காக விரிந்தது. ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலை அடுக்கித் தரும் ‘டூசார்ட்டட்’ குரோமுக்குள் வந்ததே அந்த 110-ல்தான். ஒரே ஒரு படி இடைவெளி. யாரோ அதை அடைத்து வைத்திருக்கிறார்கள்!

அந்த அடைப்புக்குப் பாலிஃபில் என்று பெயரிட்டவர் ரெமி ஷார்ப். இங்கிலாந்தில் சுவர் விரிசலுக்குப் பூசும் பாலிஃபில்லா மாவிலிருந்து எடுத்த பெயர். நம் பெயின்டர் பட்டி பார்ப்பதேதான். கோர்-ஜேஎஸ் என்ற பட்டிக்கு மரியாதை தெரியும்: உலாவியிடம் அந்த வசதி சரியாக இருந்தால் கை வைக்காது.

இலக்கணம் புதிதானால் பட்டி உதவாது. ஆயிரம் வரியில் புரியாத குறி ஒன்று இருந்தாலும் பழைய உலாவி முழுக் கோப்பையும் தள்ளிவிடும். அங்கே புதிய இலக்கணத்தைப் பழையதாக மாற்றி எழுதும் பேபல் வேண்டும். லூப்புக்குள் மாறியை அறிவிக்கும் புதிய சொல்லான ‘லெட்’டை அது மாற்றும் அழகை நான் பலமுறை ரசித்திருக்கிறேன். வெறுமனே பழைய ‘வார்’ என்று மாற்றினால், அந்த லூப் எண்ணிட்ட பத்துப் பொத்தான்களில் எதை அழுத்தினாலும் கடைசி எண்ணே வந்து நிற்கும். பேபல் அந்தச் சுற்றைத் தனி ஃபங்ஷனுக்குள் வைத்து, ஒவ்வொரு சுற்றின் எண்ணையும் அதனிடமே காப்பாற்றிக் கொடுக்கிறது. தேவைப்படும் லூப்பில் மட்டும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அழகு ‘நோமாட்யூல்’. பக்கத்தில் இரண்டு கோப்புகள்: புதிய உலாவிக்கு ஒன்று, பழையதற்கு ஒன்று. ‘மாட்யூல்’ என்று எழுதியதைப் பழைய உலாவி புரியாமல் தாண்டிப்போகும். ‘நோமாட்யூல்’ என்று எழுதியதைப் புதிய உலாவி புரிந்துகொண்டே விட்டுவிடும். நீ எந்தப் பதிப்பு என்று யாரையும் விசாரிப்பதில்லை. அவரவர் பங்கு அவரவர் இலைக்கு வந்துவிடும். 2016-ன் ஃபயர்பாக்ஸ் 48-ஐ அடித்தளமாகக் கொண்ட ஜியோபோனுக்கும் பக்கம் திறக்கும். புதிய போன்காரர் பழைய சுமையைப் பதிவிறக்க வேண்டியதில்லை.

விண்ணப்பப் பக்கம் எழுதுகிறவர்களே, வெளியிடும் முன் ஒருமுறை குரோம் 109-ல் திறந்து பாருங்கள்.