வற்றும் கிணற்றுக்கு வந்த அறிவுரை

எண்ணெய்க் கிணறு என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? வானளாவிய இரும்புக் கோபுரம், பீறிட்டெழும் கரிய ஊற்று, உலகையே ஆட்டிப் படைக்கும் பெரிய கம்பெனிகள் ஆகியவைதாம் பெரும்பாலோர்க்குத் தோன்றும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக் கோதுமை வயல்களிடையே நீங்கள் காணக்கூடிய காட்சியோ வேறு. வயலின் நடுவே ஒரு பம்பு தலையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இரண்டு தொட்டிகள் நிற்கும். ஆள் அரவம் இராது. நாள் முழுதும் ஆடினாலும் அந்தப் பம்பு தருவது இரண்டு, மூன்று பீப்பாய் எண்ணெய்தான். ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர்.

இவ்வாறு சொட்டுச் சொட்டாகச் சுரக்கும் கிணறுகளை அந்நாட்டார் 'ஸ்டிரிப்பர் கிணறு' என்பர். நாளொன்றுக்கு 15 பீப்பாய்க்கு மேற்படாமல் தரும் கிணறு இவ்வகையைச் சேரும். நாம் இதைச் சிறுகிணறு என்றே அழைப்போம். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்தகைய எண்ணெய்க் கிணறுகள் ஏறத்தாழ 3,80,000 இருந்தன. அந்நாட்டு எண்ணெயில் பத்தில் ஒரு பங்கை அவை தந்தன. தனித்தனியே பார்த்தால் அற்பம். ஒன்றுசேர்ந்தால் ஒரு நடுத்தர எண்ணெய் நாட்டின் உற்பத்தி!

இந்தச் சிறுகிணறுகளின் உடைமையாளர்களுக்கு விஞ்ஞான அறிவைக் கொண்டு சேர்க்க அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. அது எதைச் சாதித்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதை இங்கே எடை போட்டுப் பார்ப்போம்.

சிறு உற்பத்தியாளர் எங்கிருந்து வந்தார்?

நம் நாட்டில் நிலத்துக்கு உரியவர் அதன் அடியில் கிடக்கும் எண்ணெய்க்கு உரியவர் ஆகார். அமெரிக்காவில் அப்படியன்று. அங்கே தனியார் நிலத்தில் அடிநிலக் கனிவளமும் தனியார் உடைமையாக இருக்கலாம். ஆகவே நிலத்துக்காரரிடம் குத்தகை பேசிச் சிறுமுதல் கொண்டவரும் கிணறு தோண்ட முடிந்தது. ஆயிரக்கணக்கான சிறு உற்பத்தியாளர்கள் அங்கே தோன்றியதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் விலை. 1985ஆம் ஆண்டின் இறுதியில் பீப்பாய் ஒன்றுக்கு 25 டாலருக்கு மேலிருந்த எண்ணெய் விலை, 1986ஆம் ஆண்டின் நடுவில் 15 டாலருக்கும் கீழே சரிந்தது. பெரிய கம்பெனிகள் பழைய நிலவயல்களை விற்றுவிட்டுக் கடலுக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்தன. விற்ற வயல்களை வாங்கியவர்கள் சிறு உற்பத்தியாளர்கள். கிணறுகள் அவர்கள் கைக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்த ஆய்வுக்கூடங்களும் நிபுணர்களும் வரவில்லை.

இதன் பொருள் விளங்க, எண்ணெய் எடுக்கும் முறையைச் சற்று அறிய வேண்டும். எண்ணெய் பூமிக்கடியில் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. கடற்பஞ்சில் நீர் ஊறியிருப்பதுபோல் பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. இயற்கை அழுத்தத்தால் தானாக வெளிவருவது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. நீரைச் செலுத்தித் தள்ளினால் இன்னும் ஓரளவு வரும். அதன்பிறகும் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடும். அதை வெளிக்கொணர வேதியியலும் நிலவியலும் கைகோக்க வேண்டும். கணக்கரும் பம்பு பார்க்கும் ஆளுமாக இரண்டு மூன்று பேர் நடத்தும் ஒரு தொழிலில் இவற்றுக்கு இடம் ஏது?

பத்து வட்டாரங்கள்

இந்தக் குறையைப் போக்கவே 1990களின் முற்பகுதியில் 'பெட்ரோலியத் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழு' என்ற அமைப்பு உருவாயிற்று. உற்பத்தியாளர்கள் முன்னின்றனர், மைய அரசின் எரிசக்தித் துறை பணம் தந்தது. நாட்டைப் பத்து வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பல்கலைக்கழகத்தையோ மாநில நிலவியல் ஆய்வு நிறுவனத்தையோ பொறுப்பாக்கினார்கள். அங்குள்ள நிபுணர்கள் ஒருநாள் பயிற்சி முகாம்கள் நடத்தினர். பழைய கிணற்றுப் பதிவேடுகளைத் திறந்து வைத்தனர். கேள்வியோடு வந்தவர்க்கு விடை தேடித் தந்தனர்.

கிராமத்து வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. வேளாண்மை விரிவாக்க அலுவலர் வயலுக்கு வந்து விதையையும் உரத்தையும் பற்றிச் சொல்வதை அறிந்தவர்கள்தாமே நாம்! அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் பல்கலைக்கழக அறிவை உழவரிடம் கொண்டு செல்ல வழிவகுத்தது. அதே வழியை எண்ணெய்க்காரர்களுக்கும் போட்டார்கள் எனலாம்.

வட்டாரப் பிரிவினைதான் இத்திட்டத்தின் உயிர்நாடி. ஏனென்றால் பாறை இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவின் கெட்டியான எண்ணெயை நீராவியால் இளக்கும் வித்தை, கான்சாசின் டோலமைட்டுப் பாறைக்கு உதவாது. தலைநகரில் அச்சிட்ட பொதுக் கையேட்டைவிட, அந்தப் பாறையையே பல்லாண்டு ஆராய்ந்த அடுத்த ஊர்ப் பேராசிரியரின் ஒரு சொல் பயனுடையது. உற்பத்தியாளரும் அவரையே நம்புவார். அவர் விற்க வந்தவர் அல்லர்.

ஆர்பக்கிள் தந்த பாடம்

இம்முறை பலித்ததற்குக் கான்சாசிலேயே நல்ல சான்று உண்டு. அம்மாநிலத்தில் இதுவரை எடுத்த எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆர்பக்கிள் என்னும் பாறையடுக்கிலிருந்து வந்தது. இந்த அடுக்கில் எண்ணெய்க்கு அடியில் உப்புநீர் நிற்கிறது. எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச நீர் விரிசல்கள் வழியே மேலேறிவிடும். நாளடைவில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பல பத்துப் பீப்பாய் உப்புநீரை இறைக்க நேரும். இறைக்க மின்சாரச் செலவு. இறைத்த நீரை மீண்டும் ஆழத்தில் செலுத்த மற்றொரு செலவு.

இதற்கு மருந்து ஒன்று முன்பே இருந்தது. மராத்தான் எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வாளர் ராபர்ட் சைடான்ஸ்க் 1980களில் அதை உருவாக்கினார். பாலிஅக்ரிலமைடு என்ற நீண்ட மூலக்கூறுகளை நீரில் கரைத்து, அதனுடன் குரோமியம் அசெட்டேட்டைச் சேர்க்க வேண்டும். கிணற்றில் செலுத்தும்போது கரைசல் பாகுபோல் ஓடும். சில மணி நேரத்தில் குரோமிய அயனிகள் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட, அது அல்வாப் பதத்துக்கு இறுகிவிடும். நீர் ஏறிவரும் விரிசல்களில் இந்தக் களி அடைத்துக்கொண்டால் நீரின் வரவு குறையும். எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

பெரிய கம்பெனி கண்டுபிடித்த இம்மருந்து சிறு உற்பத்தியாளரிடம் பரவலாக வந்து சேர்ந்தது 2000களின் தொடக்கத்தில்தான். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1974 முதல் இயங்கிவந்த எண்ணெய் மீட்பு ஆய்வுத் திட்டத்தின் நிபுணர்கள் ஆர்பக்கிள் கிணறுகளில் நடந்த களிச் சிகிச்சைகளின் விவரங்களைத் திரட்டி ஒப்பிட்டனர். எவ்வளவு களி செலுத்தினால் என்ன பயன், எந்தக் கிணறு இதற்கு ஏற்றது என்று ஆராய்ந்து முகாம்களில் எடுத்துரைத்தனர். எல்லாக் கிணறுகளிலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. ஆயினும் தனித்தனியே தட்டுத்தடுமாறிய பலரின் பட்டறிவு ஓரிடத்தில் சேர்ந்து பொதுச்சொத்தாயிற்று. போட்டியாளர்கள் தங்கள் கணக்கை ஒருவருக்கொருவர் காட்டுவது எளிதா? நடுநிலையான பல்கலைக்கழகம் இடையில் நின்றதால்தான் அது நடந்தது. இத்திட்டத்தின் புகழை இந்த ஒன்றுக்காகவே நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

எதைக் கொண்டு அளந்தார்கள்?

இனிக் குறையைப் பார்ப்போம். இந்தக் குழுவின் நோக்கங்கள் ஐந்து: எண்ணெய் தேடும் செலவைக் குறைத்தல், இயக்கத் திறனை உயர்த்துதல், மொத்த மீட்பைக் கூட்டுதல், சுற்றுச்சூழல் விதிகளுக்கு இணங்க உதவுதல், புதிய இருப்புகளைச் சேர்த்தல். ஐந்தில் நான்கு எண்ணெயும் காசும் பற்றியவை. ஆகவே வெற்றியை அளக்கவும் பீப்பாயே படியாக அமைந்தது. எத்தனை பீப்பாய் கூடிற்று, கிணற்றின் ஆயுள் எத்தனை ஆண்டு நீண்டது என்ற கேள்விகள் முன்னே நின்றன.

கிணற்றின் ஆயுளை நீட்டுவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நீட்டிய ஆயுளுக்கும் ஒரு முடிவு உண்டல்லவா? எந்தக் கிணறும் ஒருநாள் வற்றும். அப்போது அதைச் சிமெண்டிட்டு முறையாக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் உப்புநீரும் எண்ணெயும் குடிநீர் அடுக்கில் கலக்கும், வாயு கசியும். இந்தக் கடைசிக் கடமைக்குப் பணம் எங்கே?

ஒரு கணக்கைப் பாருங்கள். மைய அரசின் நிலங்களில் குத்தகை எடுப்பவர் கட்டவேண்டிய குறைந்த அளவுப் பிணைத்தொகை 10,000 டாலர் என்று 1960ஆம் ஆண்டில் வகுத்தார்கள். 2024ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டு 1,50,000 டாலராக உயரும் வரை அது மாறவே இல்லை. ஒரு கிணற்றை அடைத்து நிலத்தைச் சீர்செய்ய ஆகும் இடைநிலைச் செலவோ 76,000 டாலர் என்று 2021ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. வற்றிய கிணற்றைக் கைவிட்டு நடப்பது அடைப்பதைவிட மலிவு என்றால் என்ன நடக்கும்? உரியவர் இல்லாமல் அநாதையாகிவிட்டதாகப் பதிவான கிணறுகள் 1,20,000க்கு மேல் என்று 2022ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. இத்தகைய கிணறுகளை மூடவும் நிலத்தைச் சீர்செய்யவும் 2021ஆம் ஆண்டின் சட்டம் 470 கோடி டாலரை மக்களின் வரிப்பணத்திலிருந்து ஒதுக்கியது.

கசிவின் கதை இன்னும் கவலை தருவது. மீத்தேன் வாயு, வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலிமையுடையது. 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் குறைவிளைவுக் கிணற்றுத் தலங்கள் நாட்டின் எண்ணெய், எரிவாயு உற்பத்தியில் ஏறத்தாழ 6 விழுக்காடே தருகின்றன. ஆனால் கிணற்றுத் தலங்கள் அனைத்திலிருந்தும் கசியும் மீத்தேனில் ஏறத்தாழ பாதி இவற்றிலிருந்து வருகிறது! தேய்ந்த அடைப்பிதழ், மூடாத தொட்டி வாய், துருப்பிடித்த குழாய் போன்றவையே பெரும்பாலும் காரணம். இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டுவதில்லை. ஒரு கருவியும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் போதும்.

அப்படிச் சொல்லிக்கொடுக்க ஏற்றவர் யார்? அதே வட்டார நிபுணர்தாம். நீரை அடைக்கும் களியைப் பற்றி அவர் சொன்னபோது கேட்ட உற்பத்தியாளர், வாயுவை அடைக்கும் வழியைச் சொன்னாலும் காது கொடுத்திருப்பார். விதியைக் காட்டி மிரட்டும் அதிகாரியைவிடப் பழகிய பேராசிரியரின் சொல் எளிதில் ஏறும். அப்படி ஒரு பாதையைப் போட்டுவிட்டு, அதில் பெரும்பாலும் ஒரே வகைச் சரக்கை அனுப்பியதே இத்திட்டத்தின் பெருங்குறை.

விலை ஏறினால் அறிவு இறங்குமா?

மற்றொரு குறையும் உண்டு. 2005ஆம் ஆண்டில், எண்ணெய் விலை உயர்ந்திருந்த நேரத்தில், எரிசக்தித் துறையின் எண்ணெய், எரிவாயு ஆராய்ச்சித் திட்டங்களையே முடித்துவிட அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் நிதிநிலை அறிக்கை முன்மொழிந்தது. விலை நன்றாக இருக்கும்போது தொழில்துறையே செலவை ஏற்கலாம் என்பது வாதம். பெரிய கம்பெனிக்கு அது பொருந்தும். இரண்டு மூன்று பேர் நடத்தும் தொழிலுக்குப் பொருந்துமா?

வாதத்தின் மறுபக்கத்தையும் மறுப்பதற்கில்லை. தனியார் ஆதாயத்துக்குப் பொதுப்பணம் எதற்கு என்று வரி செலுத்துவோர் கேட்பது நியாயமே. கூடுதல் பீப்பாய்களின் இலாபம் உடைமையாளருக்கே போகிறது. ஆனால் அடைத்த கிணற்றின் பயனும் நின்றுபோன கசிவின் பயனும் ஊருக்கெல்லாம் உரியவை. பொதுப்பணத்துக்கு ஏற்ற வேலை இதுதான். திட்டத்தை நடத்தியவர்கள் இந்தப் பக்கத்துக்கு அதிக எடை கொடுத்திருந்தால், விலை ஏறிய நாளில் நிதியை நிறுத்த அவ்வளவு எளிதாக வாதாட முடிந்திராது.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் குறைவிளைவுக் கிணறுகளின் மீத்தேனைக் கட்டுப்படுத்தவும், உடைமையாளர் இசைந்தால் அவற்றை அடைக்கவும் 14 மாநிலங்களுக்கு 35 கோடி டாலர் வழங்குவதாக அறிவித்தார்கள். வரவேற்கத்தக்கதே. பணம் வந்துவிட்டால் மட்டும் போதாது. எந்தக் கிணறு எங்கே எப்படிக் கசிகிறது என்று அறிந்த வட்டார நிபுணரும் வேண்டும். அவரைப் பேணும் ஏற்பாட்டை விலைக்கேற்ப வளர்ப்பதும் தேய்ப்பதுமாக இருந்தால், தேவைப்படும் நாளில் அவர் கிடைக்க மாட்டார்.

மாணவர்களே, தொழில்நுட்பப் பரிமாற்றம் என்ற சொல்லை நீங்கள் இனிப் பல துறைகளில் கேட்பீர்கள். கேட்கும்போதெல்லாம் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். சொல்பவர் கேட்பவரின் மண்ணை அறிந்தவரா? சொல்வதால் யாருக்குப் பயன்? பயனை எந்தப் படியால் அளக்கிறார்கள்? முதற்கேள்விக்கு இந்த அமெரிக்க முயற்சி அழகாக விடை சொன்னது. மற்ற இரண்டுக்கும் அரைகுறையாகவே சொன்னது. ஒரு கிணற்றைத் திறக்கக் கற்பிக்கும் விஞ்ஞானம், அதை ஒழுங்காக மூடவும் அதே அக்கறையுடன் கற்பிக்க வேண்டும்.