கடனாளியும் அடிமையும்: பாலி நூல்களில் துறவின் வாயில்

செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் ஞானத்தின் வழியைப் பௌத்தம் திறந்துவைத்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். வாடிய மலர்களை அள்ளிக் கொட்டும் இழிதொழிலினராய் இருந்து அருகத நிலை எய்திய தேரகாதைச் சுனீதர் இதற்குச் சான்றாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுகிறார். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் அம்பேத்கரும் சுனீதரையும் தொழுநோயாளியான சுப்பபுத்தரையும் முன்னிறுத்துகின்றார். இச்சான்றுகள் வலியன. எனினும் அறங்கேட்டு ஞானம் எய்துதல் வேறு. சங்கத்துள் துறவியாக ஏற்கப்படுதல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர்க்குப் பாலி நூல்களின் உள்முரண் புலப்படுவதில்லை.

அறங்கேட்டலைப் பொறுத்தமட்டில் வறுமை தடையாகும் என்பதை இந்நூல்கள் மறைக்கவில்லை. தம்மபத உரையில் வரும் ஆளவி நகரத்து ஏழை உழவன், தொலைந்த எருதைத் தேடிக் களைத்துப் பசியோடு அவைக்கு வருகிறான். அவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, அதன் பின்னரே புத்தர் அறமுரைக்கத் தொடங்குகிறார். பிக்குகள் இதனைக் குறைகூற, பசியுற்றவனுக்கு அறம் விளங்காது என விடை தரப்படுகிறது. உணவுக்குப் பின் உபதேசம் என்னும் இவ்வரிசை மணிமேகலையிலும் உண்டு. ஆயினும், காஞ்சியில் அமுதசுரபியால் உண்டவர் பலர். அறவண அடிகளின் தருக்கவுரையோ மணிமேகலை ஒருத்தியை நோக்கியே அமைகிறது. ஆளவிக் கதையில் உண்டவனும் கேட்டவனும் ஒருவனே.

சங்கத்தின் வாயிலில் நிலைமை வேறு. கடன்பட்ட ஒருவன் தப்பியோடித் துறவு பூண்டான் என்றும், கடன் கொடுத்தோர் அவனைக் கண்டு பிடிக்க முற்பட்டபோது, சாக்கியத் துறவியரைத் தீண்டலாகாது என்னும் பிம்பிசாரனின் ஆணை குறுக்கே நின்றது என்றும் வினயபிடகத்து மகாவக்கம் கூறுகின்றது. மக்கள் முணுமுணுத்தனர். கடனாளிக்குத் துறவளிக்கலாகாது என விதி எழுந்தது. அடிமைக்கும் அவ்வாறே. உபசம்பதையின்போது 'நீ தன்னுரிமை உடையவனா, கடனற்றவனா, அரசப்பணியில் இல்லாதவனா' என்னும் பொருள்பட வினவும் மரபு தேரவாத நாடுகளில் இன்றும் தொடர்கின்றது. சங்கத்தைக் காக்க இவ்விதி தேவைப்பட்டது என்பர் சிலர். இருக்கலாம். அரசரும் வணிகருமே விகாரைகளுக்கு ஆதரவாளராய் இருந்த காலம் அது. ஆனால் காக்கப்பட்டது சங்கம் மட்டுமன்று. கடன் கொடுத்தவனின் பணமும் ஆண்டையின் உடைமையும் அதனுடன் காக்கப்பட்டன.

இதனினும் நுட்பமானது சாமஞ்ஞபல சுத்தத்தின் உவமைத் தொடர். மனத்தடைகள் நீங்கிய துறவியின் மகிழ்ச்சிக்கு அங்குக் கூறப்படும் உவமங்களுள் கடனை அடைத்துமுடித்தவனும் அடிமைநிலை நீங்கியவனும் இடம்பெறுகின்றனர். விடுதலையின் இன்பத்தைச் சொல்ல இவர்தம் வாழ்வே மொழி தந்திருக்கிறது. அம்மொழியைத் தந்தவர்க்கோ, கடன் தீராதவரை, கட்டு அறாதவரை, வாயில் அடைத்தே இருந்தது.

இம்முரணைத் தேரிகாதையின் புண்ணா தெளிவாகக் காட்டுகிறாள். அவள் அனாதபிண்டிகனின் அடிமை. அறங்கேட்டு ஞானப்பாதையின் முதற்படியை அடிமையாய் இருந்தபோதே எய்திவிட்டாள் என உரை கூறுகிறது. ஆகவே ஞானம் அவளுக்கு மறுக்கப்படவில்லை. கடுங்குளிரில் நீர் எடுக்கச் செல்லும் அவள், ஆற்றில் மூழ்கித் தீவினை போக்க முயலும் அந்தணன் ஒருவனை வாதில் வெல்கிறாள். அவள் குளிரில் இறங்குவதற்குக் காரணம் ஆண்டைச்சியரின் அடிக்கும் வசைக்கும் அஞ்சுதலே. அந்தணன் இறங்குவதோ தானே விரும்பி. பாடலின் ஆற்றல் முழுதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது. இறுதிச் சொற்கள் சரணடையும் அந்தணனுடையவை. புண்ணா என்னவானாள் என்பது பாடலில் இல்லை.

அதனை நிரப்புபவர், தமிழகக் கடற்கரையின் பதரதித்த விகாரையில் வாழ்ந்தவராக மரபு கூறும் உரையாசிரியர் தம்மபாலர். அந்தணன் மனம் மாறிய செய்தியறிந்த அனாதபிண்டிகன் அவளை அடிமைநிலையினின்று விடுவித்தான் என்றும், அவன் இசைவு பெற்றே அவள் துறவு பூண்டாள் என்றும் அவர் எழுதுகிறார். வினய விதியை அறிந்த உரையாசிரியர்க்கு அந்த ஒரு நிகழ்ச்சி இன்றியமையாததாயிற்று. ஜேதவனத்து நிலத்தைப் பொற்காசுகளால் பரப்பி வாங்கிச் சங்கத்துக்கு அளித்த வள்ளலும் அந்த அனாதபிண்டிகனே ஆவான்.