செத்தவர் ஊரும் கொன்றவர் ஊரும்

எதை வைக்க வேண்டாம் என்று முடிவெடுக்கிற இடத்தில்தான் ஓர் அருங்காட்சியகத்தின் அரசியல் தொடங்குகிறது. நினைவுச் சின்னங்களுக்கும் இது பொருந்தும்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அவர்கள் பெயர் பொறித்த நினைவுத் தூண் அங்கே நிற்கிறது. ஆண்டுதோறும் மார்க்சிஸ்ட் கட்சி அஞ்சலி செலுத்துகிறது. அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்த நான் வரவில்லை. ஆனாலும் 'தியாகிகள்' என்ற சொல் உறுத்துகிறது. தியாகம் விரும்பித் தருவது. உயிருக்குப் பயந்து குடிசைக்குள் ஓடின பிள்ளை எதைத் தியாகம் பண்ணிச்சு? சாவுக்கு மகத்துவம் கொடுக்கிற அந்தச் சொல்லே கொன்றவனைப் பார்வையிலிருந்து நகர்த்திவிடுகிறது. கூலிப் போராட்டம் என்ற கதையாடலும் பாதியைத்தான் சொல்லும். கூலி கேட்டவர்களை எரிக்கலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தது சாதி. பெருநிலக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைப்பார்களா என்று ஐயப்பட்டு, கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை விடுவித்தது உயர் நீதிமன்றம். அந்த ஐயத்துக்கும் சாதி உண்டு.

அமெரிக்காவில் வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பர்களுக்காக, 2018இல் மான்ட்கோமரி நகரில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். கொலை நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு பிரதி வெளியே கிடக்கிறது. அந்தந்த மாவட்டம் வந்து எடுத்துப்போய்த் தன் மண்ணில் நட வேண்டும் என்பது ஏற்பாடு. எடுக்காத தூண் அங்கேயே கிடந்து அந்த ஊரைக் காட்டிக்கொடுக்கும். குற்றம் ஊருக்குச் சொந்தமாகிறது.

நம்மிடம் கல் நிற்பது செத்தவர் ஊரில். நாயுடுவின் இரிஞ்சூரில் ஒரு கல் நட முடியுமா? முடியாதென்றால் நினைவுகூர்தல் பாதிக்கப்பட்டவன் தலையில் ஏற்றிய இன்னொரு சுமை, அவ்வளவுதான்.

நம்ம பக்கம் வருவோம். எங்க கடையத்து ராமநதித் தண்ணியும் கடைசியில் தாமிரபரணிக்குத்தான் போகிறது. 1999 சூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில், ஒரு குழந்தை உட்பட 17 பேர் அந்த ஆற்றில் செத்தார்கள். பொருநைக்கரையின் 3,200 ஆண்டுத் தொன்மையை அருங்காட்சியகத்தில் வைக்கப் பெருமைப்படுகிறோம். அதே ஆற்றின் 1999க்கும் அங்கே ஓர் அறை வேண்டும். பெயர்ப் பலகை ஒன்றும் வேண்டும். ஆற்றங்கரையில் அல்ல, அந்த ஊர்வலம் மனுக் கொடுக்கப் போன ஆட்சியர் அலுவலக வாசலில்.