13பி: பால் திரியும் வீடு

தமிழ்ப் படங்களில் பயத்துக்கு ரொம்ப நாளாக ஒரு பழைய பங்களா தேவைப்பட்டது. 'சந்திரமுகி' (2005) வரைக்கும் அது பூட்டிய அரண்மனை அறைக்குள்தான் இருந்தது. 2009 மார்ச்சில் வந்த 'யாவரும் நலம்' அதை லிஃப்ட் வைத்த புது அடுக்குமாடிக்குக் கொண்டு வந்துவிட்டது. இயக்கம் விக்ரம் கே. குமார், ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். இந்தியிலும் '13பி' என்ற பெயரில் கூடவே எடுத்தார்கள்.

மனோகர் (மாதவன்) கூட்டுக் குடும்பத்தோடு 13வது மாடியில் குடியேறுகிறான். லிஃப்ட் எல்லோருக்கும் வேலை செய்கிறது, அவனுக்கு மட்டும் நகராது. அந்த வீட்டுக்குள் செல்போனில் எடுத்தால் அவன் முகம் மட்டும் கோணலாகிறது. பூஜை அறையில் சாமி படம் மாட்ட முடியவில்லை. பால் தினமும் திரிகிறது.

இந்தக் கடைசி விஷயம் நம்ம பக்கத்து ஆளுக்கு வேற மாதிரி உறைக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் புது வீட்டுக்குப் போறதையே 'பால் காய்ச்சறது' என்றுதான் சொல்வோம். பால் பொங்கினால் வீடு நம்மை ஏத்துக்கிச்சு என்று அர்த்தம். திரிஞ்சா? அதைப் புரிய வைக்கப் பின்னணி இசையே தேவையில்லை, அடுப்படியில் இருக்கும் அம்மா முகம் போதும்.

மதியம் ஒரு மணிக்கு அந்த வீட்டு டிவியில் ஒரு சீரியல் ஓடும். பேர் 'யாவரும் நலம்'. அதில் நடப்பது இவர்கள் வீட்டிலும் அப்படியே நடக்கிறது. அந்தச் சீரியல் வேறு எந்த வீட்டிலும் வருவதில்லை. சீரியல் என்றாலே வீட்டுப் பொம்பளைங்க சமாச்சாரம் என்று ஆண்கள் நக்கலடிக்கும் ஊர் இது. படமோ அந்த ஆம்பளையையே டிவி முன்னால் கட்டிப் போடுகிறது. அடுத்த எபிசோடில் என் மனைவிக்கு என்ன ஆகும், குழந்தைக்கு என்ன ஆகும் என்று அவன் நகம் கடிக்கிறான்.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உண்மையான பயம் பேயில் இல்லை. இத்தனையும் தெரிஞ்ச மனோகர் வீட்டில் மூச்சு விடுவதில்லை. போலீஸ்கார நண்பனிடம் சொல்கிறான், மனைவியிடம் சொல்வதில்லை. பயப்படுவாங்க, நாமளே பார்த்துக்கலாம் என்ற நினைப்பு. கடனையும் நோயையும் நம்ம வீடுகளில் இப்படித்தானே மறைக்கிறோம்? சொந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் தனியாளாவதை மாதவன் சத்தம் போடாமல் நடித்துக் காட்டுகிறார்.

குறையும் இங்கேதான். அதே சீரியலைத் தினமும் பார்க்கிற பெண்கள் 'இது நம்ம கதையாச்சே' என்று ஒருமுறைகூடச் சொல்வதில்லை. மருமகளின் புடவை நிறம் வரை கவனிக்கிற பார்வையாளர்கள் அவர்கள், இதைக் கவனிக்க மாட்டார்களா? இடைவேளைக்குப் பிறகு கதை அந்த இடத்தில் நடந்த பழைய கொலைகளைத் துப்புத் துலக்கப் போய்விடுகிறது. முடிச்சு சுத்தமாக அவிழ்கிறது, ஆனால் வீடு கையை விட்டுப் போகிறது. மனோகரின் மௌனத்தைப் படம் பொறுப்புள்ள ஆணின் குணமாகவே விட்டுவிடுகிறது, அது சரியா என்று கேட்பதே இல்லை.

அந்த வீட்டில் ஒருத்தியாவது டிவியைக் காட்டி 'ஏங்க, இதென்ன?' என்று கேட்டிருந்தால் அவனால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? எனக்கு அந்தக் காட்சிதான் வேண்டியிருந்தது.

பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். முடிந்தால் வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து.